அந்தமான் மரத்துப் பட்டாம்பூச்சி

திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் நான் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த காலம். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எல்லாரும் மரக்கிடங்கு நிழலில்தான் உட்காருவோம். அங்கே அகலமான தோளும் மடிந்த காதுமாக ஒருவர் இருந்தார். அந்தமானிலிருந்து கப்பலில் வரும் மரங்களை அறுப்புக்கு உருட்டிவிடுவது அவர் வேலை. உருட்டுமுன் உள்ளங்கையால் பட்டையை ஒரு தடவு தடவிப் பார்ப்பார்.

ஒருநாள் அப்படித் தடவியபோது ஒரு கூடு தட்டுப்பட்டது. அந்த மரத்தை அவர் ஒதுக்கி வைத்தார். சில நாளில் கூட்டிலிருந்து பெரிய பட்டாம்பூச்சி ஒன்று வந்தது. கறுப்பு இறக்கை, கீழே வெளிர்நீலப் பட்டை. எங்கள் பக்கத்தில் அப்படியொன்றைப் பார்த்ததே இல்லை. வேலியோரப் பூக்களையெல்லாம் சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்தால் அந்த மரத்துக்கே திரும்பிவிடும்.

மேஸ்திரி கேட்டார்: "இன்னா நைனா, அந்தக் கட்டய மட்டும் வுட்டு வச்சிகினு கீற?"

"அந்தப் பூச்சி ஊருலேர்ந்து வந்ததுல அறுபடாம இங்க இது ஒண்ணுதான் கீது மேஸ்திரி. கெடக்கட்டும்."

ஒரு சாயங்காலம் அது திரும்பவில்லை. மறுநாள் மதியம்வரை பார்த்துவிட்டு, அவரே மரத்தை உருட்டிவிட்டார்.

அன்றைக்கு உருட்டுமுன் அந்த ஒரு மரத்தை மட்டும் அவர் ஏன் தடவிப் பார்க்கவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.