இரண்டு விரல் துணி

அரியலூரில் ரயிலடிக்குப் போகும் சாலையில் என் கடை. ஒரு பக்கம் ஜாக்கெட், மறுபக்கம் ஜன்னல் திரை, குஷன் உறை. சென்னையில் ஆறு மாதம் டிசைன் படித்துவிட்டு வந்து திறந்தேன். படிப்பைவிடத் திமிர் அதிகமாக ஒட்டியிருந்தது.

உடையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம். பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரிதான் வருவாள். அளவுக்கு அவளுடைய பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தார்.

"உள்ள ரெண்டு விரல் துணி விட்டுத் தைம்மா. புள்ள சதை போட்டிருக்கும். இது நல்லா அமைஞ்சிட்டா புது வூட்டுக்குத் திரையெல்லாம் உன்கிட்டதான்."

தலையாட்டினேன். விடவில்லை. உள்ளே துணி மடிந்து கிடந்தால் பக்கவாட்டில் புடைக்கும். அதெல்லாம் பஸ் ஸ்டாண்டு டெய்லர்களின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தையலுக்கு மட்டும் இடம் விட்டு வெட்டி, ஓரம் வரை ஜரிகை வேலை செய்தேன். முடித்துவிட்டு அதைப் பத்து முறையாவது போட்டோ எடுத்திருப்பேன்.

முகூர்த்தத்தன்று நானும் மண்டபத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கொக்கிகள் சேரவில்லை. பெண் மூச்சை இழுத்துப் பிடித்தும் சேரவில்லை.

"அக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க."

"பிரிக்கத் துணி இல்லம்மா."

என் வாயால் நான் சொன்ன வாக்கியங்களில் இவ்வளவு கேவலமானது வேறில்லை. அவள் அழத் தொடங்கினாள். மை கரைந்தது. வெளியே ஐயர் பெண்ணை அழைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். ஊசியும் கையுமாக நின்றேன், அந்த ஊசியால் செய்ய ஒன்றுமில்லை.

அந்த அம்மா கதவைத் தாழிட்டார். தான் போட்டிருந்த அரக்குப் பட்டு ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பெண்ணின் புடவைக் கரைக்குப் பொருந்துகிற நிறம்.

"இதப் புடிச்சுக் குடு. சீக்கிரம்."

திருப்பினேன். அவர் ஊர் டெய்லர் தைத்தது. உள்ளே ஒழுங்காக இரண்டு விரல் துணி விட்டிருந்தது. பெண்ணின் உடம்புக்கு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். அதற்குள் அந்த அம்மா முதல் நாள் போட்டு வந்த நீல நூல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தோள் தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

தாலி கட்டி முடிந்ததும் பந்தி வாசலில் ஒரு உறவுக்காரப் பெண் அவரைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு ஜாக்கெட் பிரமாதமா இருக்கே! யாருங்க தைச்சது?"

அவர் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டு என் பக்கம் கைகாட்டினார். "இந்தப் புள்ளதான். அரியலூர்ல கடை வச்சிருக்கு."

உறவுக்காரப் பெண் என் நம்பரைக் கேட்டாள். கொடுத்தேன்.