ஒன்பது கூடைக்குப் பதினோரு கை

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். பெரியகுளத்துக் கூடைப்பந்துப் போட்டியில் மேசை முன்னால் நாற்காலி போட்டு உட்காரும் யோகம் எனக்கு அதனால்தான் வாய்த்தது. அக்காவின் பிழைப்பில் மண் விழப் பார்த்ததும் அதே கையெழுத்தால்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

மாம்பழ லாரிகள் ஊரை அடைத்துக்கொண்டு நிற்கும் மே மாதத்தில் வெளியூர் அணிகள் வந்து இறங்கும். அந்த வருடம் சென்னையிலிருந்து ஓர் அலுவலகத்தின் பெண்கள் அணி வந்திருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள். பந்தைக் கொண்டுபோய் அடுத்தவளுக்குச் சேர்ப்பிக்கிற ஆள் ஒருத்தியை அவர்கள் தேடுகிறார்கள், எடுத்தால் வேலையும் உண்டு என்று பேச்சு அடிபட்டது. உள்ளூர்க் கல்லூரி அணியில் அக்காவின் வேலையே அதுதான். ஏழாம் நம்பர் பனியன்.

அப்பாவுக்கு இதெல்லாம் ஏறாது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் வாசலிலேயே நிறுத்திக் கேட்பார்.

"எத்தன பாயிண்ட்டு போட்ட?"

"ரெண்டுப்பா."

"ரெண்டு பாயிண்ட்டுக்கு எவன் வேல குடுப்பான்?"

காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் அக்காவுக்குப் பேசி முடித்துவிட்டிருந்தார். ஆவணியில் கல்யாணம். சென்னை அணியோடு ஆடுகிற ஆட்டம் மட்டும் ஆடிக்கொள்ளட்டும், அதோடு பந்துக்கு முழுக்கு என்று சொல்லிவிட்டார். அக்கா அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்து வைத்ததோடு சரி.

மேசையில் கணக்கு எழுதுகிறவர் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். ஒவ்வொருத்தியும் என்னென்ன செய்தாள் என்று கோடு போட அவருக்கு ஒரு துணையாள் உண்டு. அந்த ஆளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பன்னு மாதிரி ஆகிவிட, மாமா என்னைப் பிடித்து உட்கார வைத்தார். விசில் ஊதப் போகிற அவசரத்தில் பாடம் நடந்தது.

"பாயிண்ட்டு போட்டா இங்கன கோடு. எகிறிப் புடிச்சா இங்கன. அசிஸ்ட்டுன்னா அடுத்த ஆளுக்குக் கை குடுக்குறது. கை குடுத்தா இங்கன ஒரு கோடு. வெளங்குச்சா ஆத்தா?"

"வெளங்கிருச்சு மாமா."

நன்றாகத்தான் விளங்கியது. அது சிமெண்ட் தரை, ஆளுக்கு ஆள் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தார்கள். சென்னைக்காரி ஒருத்தி கம்பத்தடியில் மல்லாந்து விழ, அக்கா ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். போட்டேன் ஒரு கோடு. எங்கள் பக்கத்து உயரக்காரி முட்டி பெயர்ந்து உட்கார்ந்தாள். அதற்கும் அக்காதான். இன்னொரு கோடு. அக்கா எறிந்த பந்தை வாங்கி யாராவது கூடையில் போட்டால் நான் கண்டுகொள்ளவில்லை. பந்தைக் கொடுப்பது பந்தைக் கொடுப்பது, கை கொடுப்பது கை கொடுப்பது. இரண்டையும் குழப்ப நான் என்ன மக்கா?

எங்கள் அணி படுதோல்வி. முடிந்ததும் சென்னை அணியின் கோச், மலையாளத்து அம்மா, நேராக மேசைக்கு வந்து என் தாளைக் கேட்டு வாங்கினார். முத்து முத்தான தாள். பார்த்தார், கணக்குப் போட்டார், மாமாவை ஏறிட்டார்.

"மாஷே, உங்க டீம் மொத்தம் போட்டதே ஒன்பது பாஸ்கட்டு. ஏழாம் நம்பருக்கு மட்டும் பதினொண்ணு அசிஸ்ட்டா? இது எந்து கணக்கு?"

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. ஏழாம் நம்பர் யார், மேசையில் இருப்பவர் அவளுக்கு என்ன முறை என்று மைதானத்துக்கே தெரியும். மாமன் மருமகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தான் என்றுதானே சொல்வார்கள்? அக்கா துண்டைக் கழுத்தில் போட்டபடி கல்லாய் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவும் உள்ளே வந்துவிட்டார்.

"ஏய், என்னத்தடி எழுதி வச்ச?" என்றார் மாமா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கோடுகூடப் பொய் இல்லையே! ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். "இது ஒங்க எட்டாம் நம்பரு கம்பத்துல விழுந்தப்ப. இது எங்க உயரக்கா முட்டி பேந்தப்ப. இது திரும்ப எட்டாம் நம்பரு. எல்லாத்துக்கும் எங்கக்காதான் கை குடுத்துத் தூக்கி விட்டா."

அந்த அம்மா சிரிக்க வாயெடுத்தவர், தாளை மறுபடி பார்த்தார். அசிஸ்ட்டுக் கட்டத்தில் அக்காவின் வரிசையைத் தவிர மற்றதெல்லாம் வெறுமையாக இருந்தது.

"ஏழாம் நம்பர் விழலையா மோளே?"

"நாலு தடவ விழுந்தா."

"அப்போ யாரு கை குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அவளாவே எந்திரிச்சுக்கிட்டா."

அக்கா துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். வேர்வை என்று நினைத்தேன். அப்பா மேசைக்கு நெருங்கி வந்தார்.

"பாயிண்ட்டு மூணுதானுங்களே போட்டிருக்கா?"

"போட்டது மூணு சேட்டா. ஆறு பாஸ்கட்டுக்குப் பந்து குடுத்தது இவதான், நான் கண்ணால எண்ணியதாணு. அது பன்னெண்டு பாயிண்ட்டு."

அப்பா வாய்க்குள் கூட்டினார். "பதினஞ்சா?" என்று அக்காவைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"ஜூன்ல கேம்ப். இவளை அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா அக்காவிடம் கையை நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆவணி வந்தது, போனது. அக்கா இன்றைக்கும் சென்னையில் அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு கவலை. கை கொடுத்தால் கோடு போட்டாக வேண்டும், அந்த அம்மாவுக்கோ என் தாளில் வரிசையே இல்லை. அதுவும் போகட்டும், நின்றுகொண்டிருக்கிற ஆளுக்கு எதற்குக் கை கொடுக்கிறார்கள் என்று புரியாமல், பென்சிலை வைத்துக்கொண்டு முழித்தேன்.