வார்டுக்குள்ள அம்மாள் வரல்ல

எனக்கு விசர் வந்தது உண்மை. அதை நான் ஒளிக்கப் போறதில்ல. வாவிக்கரையில ஒரு ஆஸ்பத்திரியின்ட மனநல வார்டில கிடந்தன், மருந்து குடிச்சன், நித்திரை வந்தது, புத்தி தெளிஞ்சது. ஆனா அங்க என்ட கை முறிஞ்சது என்ட விசரால இல்ல. இதை எவருக்கு முன்னாலயும் சொல்லுவன்.

குளிக்கிற இடத்தில தலை நிறையச் சவுக்காரத்தோட நிக்கிறன். வேலைக்கு நிண்ட சிற்றூழியர் பொம்பிள, "நேரம் முடிஞ்சிது" எண்டு பைப்பைப் பூட்டிற்றா. "கண்ணெல்லாம் எரியுது கா, ஒரு வாளி மட்டும்" எண்டன். காதில வாங்கல்ல. நானே திறந்தன். அவ என்ட கையைப் புடிச்சுத் திருகி இழுத்து, ஒரு தள்ளுத் தள்ளினா. தண்ணித்தொட்டிக் கட்டில போய் விழுந்தன். மணிக்கட்டு முறிஞ்சிற்று.

நோயாளிக்குக் காயம் வந்தா அண்டைக்கே விசாரிச்சுச் சம்பவ அறிக்கை எழுதவேணும். அது அவங்கட சட்டம். வார்டுக்குப் பொறுப்பான தாதி, பெரிய மிஸ், எழுதத்தான் இருந்தா. ஆரை விசாரிச்சா? அந்தச் சிற்றூழியரை. பிறகு, செய்தி கேட்டு எங்கட ஊர் களுதாவளையில இருந்து விழுந்தடிச்சு ஓடிவந்த என்ட அக்காவை. நான் அதே அறையில கையில மாக்கட்டோட குந்தியிருக்கன், என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல!

அக்காதான் முதல் வாயைத் திறந்தா. "அம்மாள் வந்திட்டாவோ?" எண்டா. எங்கட ஊர்க் கண்ணகை அம்மன் சடங்கில வருசா வருசம் எனக்கு உரு வரும், தெய்வம் ஏறி ஆடுவன். சிற்றூழியருக்கு அது நல்லா வாய்ச்சுப் போச்சு. "ஓம் ஓம், ஆடித்தான் விழுந்தவ" எண்டா. பெரிய மிஸ்ஸும் எங்கட பக்கத்து ஆள்தான். கன்னத்தில போட்டுக்கொண்டு அப்படியே எழுதினா. எழுதிப்போட்டு அக்காட்டச் சொன்னா: "இப்படி ஆடுறவவை இங்க வச்சிரிக்க ஏலா. கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தவேணும்."

அங்க என்ட பாசை தெரிஞ்ச ஆள் ஆர் இரிக்கி? அக்கா எப்படி வந்து பாப்பா? அங்க போனா திரும்பி வரமாட்டன் எண்டு பயந்தன். பிறகு கோபம் பத்திக்கொண்டு வந்தது.

"நிப்பாட்டுங்க மிஸ். இப்ப என்ன மாசம்?"

"மார்கழி."

"எங்கட அம்மாள்ட கோயில் எப்ப திறக்கிற?"

 அது ஊரில சின்னப் புள்ளைக்கும் தெரியும். வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கிற. சடங்கு முடிஞ்சா அடுத்த வைகாசி வரைக்கும் பூட்டுத்தான்.

"உடுக்குச் சத்தமில்ல, குளிர்த்திப் பாட்டில்ல. பூட்டின கதவை உடைச்சுக்கொண்டு வந்து உங்கட பைப்படியில சண்டை புடிக்க அம்மாளுக்கு என்ன விசரா? விசர் எனக்குத்தான்!"

அக்கா வாயில கையை வச்சா. நான் சிற்றூழியர் பக்கம் கிறுகினன். "அம்மாளாணை, நான் ஆடித்தான் விழுந்தன் எண்டு சொல்லுங்க. சொன்னா நான் வாய் திறக்கல்ல, எங்க வேணுமெண்டாலும் அனுப்புங்க."

 அவவும் வைகாசியில நேர்த்திக்கு மடிப்பிச்சை எடுக்கிறவதானே. அறிக்கையில பொய் சொல்லலாம், அம்மாள்ட பேரில ஏலுமா? "நான்தான் இழுத்துத் தள்ளினன் மிஸ். அவ்வளவு பேரையும் குளிப்பாட்ட நான் ஒரு ஆள்தான்" எண்டு அழுதா. எனக்கு இரக்கம் வரல்ல. பிறகு வந்தது, அது வேற கதை.

பெரிய மிஸ் அந்த அறிக்கையைக் கிழிச்சுப்போட்டு வேற எழுதினா. வாசிக்கச் சொன்னன். "நோயாளி கூறியபடி" எண்டு தொடங்கினா.

"அதை வெட்டுங்க. விசர்க்காரி சொன்னதாம் எண்டு தூக்கி எறியவா? தள்ளினவவே சொல்லிற்றா."

என்னை முறைச்சுப் பாத்தா. ஆனா வெட்டினா.

என்னை மாத்தல்ல. தை பிறக்க முதல் சுகமெண்டு துண்டு வெட்டி வீட்ட அனுப்பினாங்க. பஸ் காத்தான்குடியைத் தாண்டிச்சு. அக்கா மெல்லமாக் கேட்டா:

"அம்மாள் எண்டு விட்டிருந்தா ஒருத்தருக்கும் வில்லங்கமில்லாமப் போயிருக்கும், என்ன புள்ள?"

"என்னைக் கொழும்புக்கு ஏத்தியிருப்பாங்க. நான் ஒருத்தர் இல்லையா அக்கா?"