ஒத்திகை அக்கா

"நான் ஒருத்தி இருக்கிறதே உங்களுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாதே சார். தலைவலின்னு சொன்னா நடிக்கிறேம்பீங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்மணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிறார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எதிரே நிற்கும் புதிய மேற்பார்வையாளர் கையைப் பிசைகிறார். சக்கர நாற்காலிகளும் தண்ணீர் மெத்தைகளும் அடுக்கியிருக்கும் ஸ்டோர் ரூமில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க..." என்று ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான், அழுகை நின்றுவிடுகிறது. "அப்படி ஆரம்பிச்சா, தப்பா நினைக்க அவங்க ரெடியாயிடுவாங்க. வெளியே போய் மறுபடி வாங்க" என்கிறார் ஒத்திகை அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

படுக்கையில் விழுந்தவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கிற தொண்டு நிறுவனம் அது. குளிப்பாட்டுவார்கள், புண்ணுக்கு மருந்து போடுவார்கள், புரட்டிப் படுக்கவைப்பார்கள், பேச ஆளில்லாதவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்காவின் அறை வாசலில் 'பணியாளர் மேம்பாடு' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதைப் படித்து யாருக்கும் எதுவும் விளங்கியதாகத் தெரியவில்லை. நன்றாக வேலை செய்கிற ஒருவரைப் பிடித்து நிறுவனம் ஒரு குழுவுக்குத் தலைவராக்கிவிடும். அன்றிலிருந்து அவர் தூக்கம் போகும். அந்தத் தூக்கத்தை மீட்டுக் கொடுப்பதுதான் அக்காவின் உத்தியோகம். "நேத்து வரைக்கும் நோயாளியைத் தூக்கினவங்க. இன்னைக்கு ஆளுங்களைத் தூக்கி நிறுத்துன்னா எப்படி? அதுக்கு வேற இடுப்பு வேணும்" என்பார்.

நாற்பதைத் தாண்டியவர். குட்டையான உருவம், கனத்த குரல். முக்காலியோ, மருந்துப் பெட்டியோ, எதிலாவது தாழ்வாகத்தான் உட்காருவார். மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் பாதி உண்மையைத்தான் சொல்வார் என்பது அவர் கட்சி. ஒத்திகைக்கு முன்னால் துருவித் துருவிக் கேட்பார். நீங்கள் பேசவேண்டிய ஆள் எப்படி உட்காருவார், கோபம் வந்தால் கத்துவாரா, கம்மென்று இருப்பாரா, உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? பிறகு அந்த ஆளாகவே ஆகிவிடுவார். அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கிறது என்று பயந்துபோய், சம்பந்தப்பட்டவர் எங்காவது ஒட்டுக்கேட்கிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. 'எங்கம்மாவுக்குச் சம்பளம் கொடுத்துத் திட்டு வாங்க வைக்கிறாங்க' என்று அவருடைய மகள் பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

இவ்வளவு பேசுகிறவர் சொந்த விஷயத்தில் வாயில்லாப் பூச்சி. மாடி வீட்டுக்காரர் பிழியாமல் உலர்த்தும் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் இவர் கொடியில் விழுகிறது. இவரும் கொடியை நகர்த்தி நகர்த்திக் கட்டி, இப்போது அது ஏறக்குறைய தெருவுக்கே வந்துவிட்டது. "வேணும்னா நான் மாடி வீட்டுக்காரனா நடிக்கிறேன், நீ பேசிப் பாரேன்" என்று கணவர் சீண்டுவார். "சும்மா இருங்க. ஆபீஸ் வேற, வீடு வேற" என்று அக்கா அடுப்படிக்குள் போய்விடுவார்.

ஆபீஸும் வீடும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட கதை ஒன்று சமீபத்தில் நடந்தது. நர்ஸ் அண்ணன் என்று எல்லாரும் அழைக்கிறவர் அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் கைபட்டால் எப்பேர்ப்பட்ட படுக்கைப் புண்ணும் ஆறும் என்று பெயர். அவரை ஒரு குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அந்தக் குழுவின் வேன் டிரைவர் அவருடைய மனைவியின் தம்பி. அண்ணன் சிபாரிசில் வேலைக்கு வந்தவன். இரண்டு மாதமாக அவனுக்குக் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே வேனை எடுத்தார். தலைவர் ஸ்டியரிங் பிடிக்க, டிரைவர் பின்சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டு போவதை ஊரே வேடிக்கை பார்த்தது.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். ஆனால் வண்டி ஓட்டுகிறவர் வேறு எதையும் பார்க்க முடியாதல்லவா? யார் எந்த வீட்டுக்குப் போவது என்பதை ஒருநாள் அண்ணன் பிரித்துக் கொடுக்க மறந்துவிட்டார். தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி வீட்டுக்கு யாருமே போகவில்லை. காலையில் படுத்த பக்கத்திலேயே அந்தம்மா பொழுது சாயும்வரை கிடந்தார். மறுநாள் போனவர்களிடம், "நேத்து லீவு போலிருக்குன்னு நினைச்சேன்" என்றாராம். அதைக் கேட்டு அண்ணன் வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

நிறுவனத்தின் இயக்குநர் அம்மா கண்டிப்பானவர், நியாயமானவரும்தான். "உங்க மச்சான்கிட்ட இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க பேசுங்க. இல்லேன்னா நான் பேசுவேன். நான் பேசினா அவர் வீட்டுக்குத்தான் போகணும், நீங்களும் பழைய வேலைக்கே போயிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் ஸ்டோர் ரூமுக்கு வந்தார். முதல் ஒத்திகையில் அக்கா மைத்துனனாகி, "என்ன மாமா, திடீர்னு ஆபீசர் மாதிரி பேசறீங்க?" என்றார். கடைசியில் அண்ணனே மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனார். இரண்டாவது முறை கத்தினார். கத்தியவர் தன் கல்யாணத்தில் மைத்துனன் முகம் கொடுத்துப் பேசாதது வரைக்கும் போய்விட்டார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தானும் ஒரு மருந்துப் பெட்டியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க பேசி முடிச்சதும் அவர் என்ன செய்யணும்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்களுக்கே தெரியலேன்னா அவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லிட்டு நிறுத்துங்க. கல்யாணத்துக்கெல்லாம் போகாதீங்க."

என்ன சொல்லவேண்டும் என்பதை மட்டும் அக்கா கடைசிவரை சொல்லித் தரவில்லை. யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அண்ணனைத் தேடிப் போய், "சாப்பிட்டீங்களா? இன்னைக்கு உங்ககிட்ட எத்தனை பேர் வந்து புலம்பினாங்க?" என்று கேட்பார். "எல்லாரும் தலைவர்கிட்ட வந்து கொட்டிட்டுப் போறாங்க. அவங்க எங்கே போய்க் கொட்டுவாங்க?" என்பார், கூட வேலை செய்கிற எங்களிடம். தொண்டு செய்கிற இடங்களில் நோயாளியைக் கேட்க ஆளிருக்கும், நன்கொடை கொடுத்தவரைக் கேட்க ஆளிருக்கும். நடுவில் கிடந்து அல்லாடுகிறவரை ஏனென்று கேட்க ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அல்லாடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து, "பக்கத்துல மட்டும் இருங்கம்மா, போதும்" என்று கெஞ்சினார். அக்காவுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க மனசு வரவில்லை. அறையின் மூலையில் போய் உட்கார்ந்தார். மைத்துனன் வந்தான். அண்ணன் நன்றாகத்தான் தொடங்கினார். அந்த மூதாட்டி கிடந்த நாளைப் பற்றிச் சொன்னார். உடனே அவன், "எங்க அக்காவுக்குத் தெரியுமா நீங்க என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறது?" என்று கேட்டான்.

அண்ணன் மெதுவாகத் திரும்பி மூலையைப் பார்த்தார். அவர் பார்த்ததும் மைத்துனனும் பார்த்தான். "மேடம், நீங்களாவது சொல்லுங்க மேடம்" என்றான்.

சொல்லவேண்டிய வார்த்தை அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வார்த்தைதான். அவன் வழிக்கு வந்திருப்பான், வெள்ளிக்கிழமை கழிந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அண்ணனுடைய குழுவுக்கு அண்ணன் தலைவராக இருந்திருக்க மாட்டார். அக்கா எழுந்தார். இரண்டு பேரையும் பார்க்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார்.

உள்ளே அண்ணன் குரல் கேட்டது. கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. "உங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். இது அந்தக் கிழவி விஷயம். திங்கக்கிழமையிலேருந்து காலைல வண்டிய நீதான் எடுக்கணும். நான் இனிமே சாவியத் தொடமாட்டேன். முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற ஆளப் பாக்கிறேன்."

"எடுக்கிறேன் மாமா" என்று மைத்துனன் முனகினான். அண்ணன் மறுபடி பேசினார். "சரி, அது முடிஞ்சுது. இப்ப சொல்லு. ரெண்டு மாசமா ஏன்டா நீ ராத்திரி தூங்கறதில்ல?"

அக்கா நிமிர்ந்து நின்றார். இந்தக் கேள்வி எந்த ஒத்திகையிலும் இல்லை. அவருக்கே தோன்றியிருக்கவில்லை. தனக்கு வராத ஒன்று அண்ணனுக்கு வந்துவிட்டதில் அவருக்குப் பொங்கிவந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உள்ளே அந்த முரட்டு ஆள் உடைந்த குரலில் எதையோ சொல்ல ஆரம்பித்தான். அது தன் காதுக்கானதல்ல என்று அக்கா கதவிலிருந்து விலகினார்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் அம்மா தாழ்வாரத்தில் வேகமாக வந்தார். "என்ன ஆச்சு, பேசினாரா இல்லையா? நான் உள்ளே போறேன்" என்று கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

அக்கா கைப்பிடியில் இருந்த மேலதிகாரியின் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். இறக்கிய பிறகும் அதை விடாமல், தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.