மார்கிலான்காரி

கோகந்த் நகரில் கல்யாணம் என்றால் விடியற்காலைப் புலாவுக்குச் சமையல் உஸ்தா மாமாசோலியைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனை பேர் வந்தாலும் கண்ணளவிலேயே உப்புப் போடுகிற கை.

ஒரு வருஷத்துக்கும் மேலாக மனைவி ஹோசியத்திடம் அவர் நெருங்குவதில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை. அசதி என்று சொல்லிப் பார்த்தார். பிறகு, "குறட்டை விடுறேன், உன் தூக்கம் கெடுது" என்று படுக்கையை விருந்தாளி அறைக்கு மாற்றிக்கொண்டார். ஆண்பிள்ளைக்கு வலுவேற்ற அவர் அறிந்த மருந்து ஒன்றுதான்: செம்மறியின் வால் கொழுப்பு. கொப்பரையில் அது உருகியதும், பொன்னிறமாக மிதக்கும் வறுவல் துண்டுகளை வெங்காயத்தோடு சுடச்சுடத் தின்பார்.

"இவ்வளவு கொழுப்பு யாருக்காக உஸ்தா? மார்கிலான் ஊர்ல ஒருத்திய வச்சிருக்கீங்களாமே!" என்று சீண்டினான் அடுப்பில் விறகு தள்ளும் எர்கஷ்.

"உனக்கேன்டா வயித்தெரிச்சல்?" என்று சிரித்து வைத்தார்.

பேச்சு வீடுவரை வந்தது. "நெசமா?" என்று ஹோசியத் கேட்டாள். அவர் மறுக்காமல் ரொட்டியைப் பிய்த்தார். உண்மை தெரிவதற்கு இது மேல் என்று பட்டது.

குளிர்காலத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்னப் பெண்.

"வீட்ல தாம்பத்தியமெல்லாம் எப்படி, சித்தப்பா?"

"என்ன கேள்வி மகளே இது? காளை மாதிரி இருக்கேன்."

"எதுக்குக் கேக்குறேன்னா..."

அவர் அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வசந்தத்தில் ஒரு கல்யாண வீட்டில் கொப்பரை மூடியைத் திறக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. உயிர் தங்கியது. ஆனால் இதயத்தில் பாதி செத்திருந்தது.

இதய டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார், ஹோசியத்திடம்.

"மார்கிலான்காரியக் கேளுங்க" என்றாள்.

மாமாசோலி சுவர்ப் பக்கம் திரும்பினார். "அப்படி யாரும் இல்ல. என்னால முடியல. ரெண்டு வருஷமா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அங்க போற ரத்தக்குழாய் ரொம்ப மெல்லிசு. பல பேருக்கு மொதல்ல அதுதான் அடைக்கும், அப்புறந்தான் நெஞ்சுல தெரியும். அன்னிக்கே வாயத் திறந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம்."

டாக்டர் போனபின் ஹோசியத் கணவரின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஒருத்தி இருந்திருந்தாக்கூட பொறுத்துக்கிட்டிருப்பேங்க" என்றாள்.

வீடு திரும்பியதிலிருந்து ஹோசியத் அவர் பக்கத்திலேயே படுக்கிறாள். அவர் கண்ணை மூடியதும் முகத்தருகே குனிந்து, மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். அவர் தூங்கிவிட்டது போலவே படுத்திருக்கிறார்.