அந்த வருஷம் மேடையில் விழாதவர்

போன செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் அண்ணியின் போன் வந்தது. "உங்க அண்ணன் போயிட்டாரு தம்பி" என்றார். தூக்கத்திலேயே போயிருக்கிறார் செல்வம் அண்ணன். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

பொம்மனஹள்ளி கம்பெனியில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரை 'ஹீரோ' என்றால்தான் தெரியும். கேலிப் பெயர் இல்லை. இளவயதில் நிஜமாகவே ஒரு தமிழ்ப் படத்தில் கதாநாயகனாக நடித்தவர். ஒரே படம். அது ஓடிய நாட்களில் அவர் தெரு இருந்த மர்பி டவுனே தியேட்டர் வாசலில் கிடந்தது.

அந்தப் படத்தின் நாயகன் பத்துப் பேரை ஒற்றை ஆளாக அடிப்பான். ஆனால் வேறு மதத்துப் பெண்ணை விரும்பியதற்குத் தெருப் பெரியவர்கள் தடை போட்டால் தலையைக் குனிந்துகொள்வான். கடைசியில் அதே தெருவைக் காப்பாற்றப் போய்க் குத்துப்பட்டுச் சாவான். "அவன் ஹீரோதாண்ணா, தெருவுக்காக உயிரையே குடுத்தானே" என்று கம்பெனி பஸ்ஸில் நான் வாதாடுவேன். "அந்தப் பெரியவங்கதான் குரு அவன மொதல்ல சாவடிச்சாங்க. கத்தி அப்புறந்தான் வந்துச்சு" என்பார் அண்ணன். அவருக்கு எல்லோருமே 'குரு'தான்.

படம் தியேட்டரை விட்டுப் போனபின்னும் தெரு அவரை விடவில்லை. டீக்கடையில் சிகரெட் பற்றவைத்தால் யாராவது வந்து பிடுங்கிவிடுவார்கள். "ஹீரோ இதெல்லாம் புடிக்கலாமாண்ணா?" படத்தில் அவன் பிடிக்க மாட்டானாம்! அண்ணன் சிரித்துக்கொண்டே டீயை மட்டும் குடிப்பார். வருஷா வருஷம் அம்மன் திருவிழா மேடையில் அந்தச் சாவுக் காட்சியை நடித்துக் காட்டவேண்டும். அவர் விழுந்து, ஜனம் ஒரு பாட்டம் அழுதால்தான் திருவிழா முடிந்ததாகக் கணக்கு.

அப்போதுதான் காக்ஸ் டவுனில் டீச்சராக இருந்த ரோஸ்லினை விரும்பினார். படத்தைப் பார்த்துக் கதறிய அதே பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, "கிறிஸ்டியன் பொண்ணு வேணாம்ப்பா. உன்னப் பாத்து நம்ம பசங்க கெட்டுப்போவாங்க" என்றார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நடிச்சு நடிச்சு அவனாவே ஆயிட்டீங்களாண்ணா?" என்று பஸ்ஸில் எல்லோர் எதிரிலும் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருஷமும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். கூச்சமே இல்லை அவர்களுக்கு! அண்ணன் போனார். குத்து வாங்கினார். சட்டையில் சிவப்புச் சாயம் வழிந்தது. விழவேண்டிய இடத்தில் விழவில்லை. நின்றார். மைக்கை எடுத்தார்.

"இந்த வருஷம் நான் சாவல. வர்ற திங்கக்கெழம ரிஜிஸ்டர் ஆபீசுல எனக்கும் ரோஸ்லினுக்கும் கல்யாணம். படத்துல எனக்காக அழுதவங்க எல்லாரும் வாங்க."

முன்வரிசையில் இருந்த எனக்கு அவர் குரல் நடுங்கியது நன்றாகவே கேட்டது.

தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டது கம்பெனிக்காரர்கள் நாங்கள்தான். பிறகு மேடைக்கும் அழைப்பு நின்றுபோனது. அது அவருக்கு வலித்தது, மறைக்கமாட்டார். திருவிழா நாட்களில் காக்ஸ் டவுன் வீட்டு மாடியில் நின்று மேளச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். "பேஜாராத்தான் இருக்கு குரு. ஆனா உசுரோட இருந்து பேஜாராவறேன், பரவால்ல" என்பார்.

அடக்கத்தன்று மர்பி டவுனிலிருந்து ஒரு கூட்டம் பெரிய ஃபிளெக்ஸோடு வந்தது. படத்தில் அவர் குத்துப்பட்டுக் கிடக்கும் காட்சி, மேலே 'தெருவுக்காக உயிர் கொடுத்த தியாகி' என்ற எழுத்து. ரோஸ்லின் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "இத எடுத்துட்டுப் போயிடுங்க. இவரு யாருக்காகவும் சாவல. எங்கூட வாழ்ந்தாரு. மாலைய மட்டும் குடுங்க" என்றார். அவர்கள் மாலையைக் கொடுத்துவிட்டு ஃபிளெக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள்.

விழுந்து கிடக்கிறவரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். சாயம் வழியும் சட்டையோடு, பயந்து நடுங்கிக்கொண்டே, விழாமல் நின்றாரே, அந்த அண்ணன் எனக்குப் போதும்.