அக்காவின் ஒன்பது எருமைகள்

முதல் எருமை கருநீலம். ஓர் ஆடி மாதத் திங்கட்கிழமை காலை, ராணிப்பேட்டையில் எங்கள் தோல் தொழிற்சாலையின் வெளிச்சுவரில், நாங்கள் பஸ்சுக்குக் காத்திருக்கும் இடத்தில், தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தது. டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுதுபவன் நான். எனக்கென்று வேறொரு நோட்டும் உண்டு. அதில் கிழமையையும் நிறத்தையும் குறித்துக்கொண்டேன். வரைந்தது யார் என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. அந்த வாரம் ஏற்றுமதிக்குப் போன தோலெல்லாம் அதே கருநீலம். ஸ்பிரே கன்னில் மிஞ்சும் சாயத்தைக் கழுவி ஊற்றாமல் டப்பாவில் எடுத்துவைப்பவர் ஸ்பிரே செக்‌ஷன் அக்கா ஒருவர்தான்.

நெமிலிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்சில் வருபவர் அவர். ஒவ்வொரு ஆர்டர் முடியும்போதும் ஓர் எருமை கூடியது: செர்ரிச் சிவப்பு, பழுப்பு, பாசிப்பச்சை என்று. நோட்டைப் பிரிக்காமலே எது எந்த மாதத்து எருமை என்று என்னால் சொல்ல முடியும். எருமையைத் தோலாக மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்கு அதன் கண்ணைக் காட்டியவர் அக்கா.

ஒன்பதாவது எருமை வந்த வாரம், வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆய்வுக்குழு வருவதாகச் செய்தி வந்தது. ஆய்வு என்றாலே எங்கள் கம்பெனியில் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். செவ்வாய்க்கிழமைக்குள் சுவர் வெளுத்துவிட்டது. புதன் காலை பஸ்சிலிருந்து இறங்கிய அக்கா நேராக மேனேஜர் அறைக்குள் போனார். நான் அங்கே கையெழுத்துக்காக நின்றிருந்தேன். கம்பெனி சுவரில் கிறுக்கியதற்கு வேலையை விட்டே எடுக்கலாம் என்றார் மேனேஜர்.

“கேக்காம வரைஞ்சேன், தப்புதான் சார். நீங்களும் கேக்காம அழிச்சீங்க. செவுரு உங்களுது. எருமைங்க என்னுது.”

விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ போனது. முடிவு தெரியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த மெமோவைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

மேனேஜர் ஒன்றை மறந்துவிட்டார். தோலுக்குச் செய்வது போலவே அக்கா சாயத்தின் மேல் லாக்கர் என்ற மெருகுப்பூச்சும் அடித்திருந்தார். தண்ணீரே ஒட்டாத அந்தப் பளபளப்பில் சுண்ணாம்பு எப்படிப் பிடிக்கும்? வெள்ளிக்கிழமை பொருக்குப் பொருக்காக எழும்பியது. பஸ்சுக்கு நின்றவர்கள் நகத்தால் உரிக்கத் தொடங்கினார்கள். உங்கள் பஸ் போகிறதே என்று ஒருவரிடம் சொன்னேன். “போவட்டும் சார். இந்தக் கொம்ப முடிச்சிட்டு அடுத்த வண்டியில போறேன்” என்றார். சனிக்கிழமை மாலை ஒன்பதும் வெளியே வந்துவிட்டன. திங்கட்கிழமை வந்துபோன ஆய்வுக்குழு சுவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மெமோவைத் திரும்பப் பெற்று, அக்காவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகு சட்டப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். விற்றுவிட்ட ஓவியத்தைச் சிதைத்தால்கூட வரைந்தவர் கேள்வி கேட்கலாம் என்று தெரிந்தது. அனுமதியில்லாமல் சுவரில் வரைந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டா என்பதற்குத்தான் தெளிவான விடை கிடைக்கவில்லை. கண்ணாடி போட்டு மாட்டினால் கலை, தெருவில் நின்றால் கிறுக்கல் என்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சுவரை எக்காலத்தும் எவரும் தொடக்கூடாது என்று நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதி அக்காவிடம் காட்டினேன். அவர் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார்.

“தொட்டுக்கட்டும் தம்பி. என்னைக் கேட்டுட்டுத் தொடட்டும்.”

அந்த ஒரு கோரிக்கையோடு மனு போனது. நிர்வாகம் ஏற்றுக் கையெழுத்திட்டது.

அக்கா இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். போன மாதம் லாரிகள் போக அந்தச் சுவரில் வழி திறக்க வேண்டியிருந்தது. கோப்பில் அந்த மனுவைப் பார்த்த புது மேனேஜர், இடிக்கத் தங்கள் சம்மதம் வேண்டும் என்று அக்காவுக்குக் கடிதம் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு நான் நெமிலி பஸ் ஏறினேன். அக்கா இரண்டு முறை படித்தார். எந்தெந்த எருமை போகும் என்று கேட்டார். செர்ரியும் பழுப்பும் என்றேன்.

“இடிக்கட்டும். வேலைய வுட்டு வந்தப்புறமும் கேக்குறாங்க இல்ல, அது போதும்.” கையெழுத்துப் போட்டு நீட்டியவர், “அங்க வைக்கிற கதவுக்கு இன்னா கலரு அடிப்பாங்களாம்?” என்றார்.

கடிதத்தில் அது இல்லை. அதையும் அக்காவிடமே கேட்கலாமே என்று மறுநாள் காலை மேனேஜருக்குக் குறிப்பு அனுப்பினேன்.